ஆவணக் குறிப்புகளை ஏஐ திருத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது

"ஏஐகிட்ட ஃபைலைக் கொடுத்தேன், அடிக்குறிப்பு எல்லாத்தையும் அதுவே திருத்திடுச்சு" என்று ஒருவர் சொல்கிறார். "எனக்கு மொத்தத்தையும் குழப்பி வெச்சிடுச்சு, அதை நம்பவே கூடாது" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். தருமபுரியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வட்டார வரலாற்றுக் கட்டுரைகளைத் தொகுத்துக்கொண்டிருக்கிறோம், எங்கள் கூட்டத்திலேயே இந்த இரண்டு பேச்சும் மாறி மாறி வரும். இரண்டு பேருமே நடந்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஃபைலைத் தொட்டது எது, தப்பு எந்த இடத்தில் நுழைந்தது என்று கேட்டால் இருவரிடமும் பதில் இல்லை.

எங்கள் நண்பர் ஒருவர் வேர்ட் ஆவணத்தில் உள்ள அடிக்குறிப்புகளை ஏஐ மூலம் திருத்துவதற்கு ஒரு சின்ன மென்பொருள் எழுதினார். அதற்கு விளக்கம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஒரு சாயங்காலத்தில் முடியும் என்று நினைத்து உட்கார்ந்தேன், மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் எனக்குப் புரிந்ததை, நிரல் எழுதத் தெரியாதவரும் தொடரும்படி இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கு என்ன தேவைப்பட்டது

எங்கள் தொகுப்பு நடுகற்களைப் பற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வயலோரம், ஏரிக்கரை, கோயில் பக்கம் என்று நடுகற்கள் நிறைய நிற்கின்றன, ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு எடுத்த கற்கள் அவற்றில் பல. கல் இருக்கும் ஊர், கல்வெட்டு வாசகம், யார் படித்தது, எங்கே வெளியானது என்று ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு மூன்று அடிக்குறிப்பாவது வந்துவிடும். முந்நூறைத் தாண்டிவிட்டது.

சிக்கல் மாவட்ட எல்லையில் இருந்தது. 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆக ஓசூர் என்ற ஒரே ஊர், எந்த வருடம் எழுதிய குறிப்பு என்பதைப் பொறுத்து சேலம் மாவட்டத்திலும் இருக்கும், தருமபுரி மாவட்டத்திலும் இருக்கும், கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருக்கும். அந்தக் கல்லைத் தேடிப் போகிறவர் அலையக் கூடாது என்பதற்காகப் பழைய குறிப்புகளில் 'இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று சேர்க்க நினைத்தோம்.

வேர்டில் இருக்கும் 'கண்டுபிடித்து மாற்று' இதற்கு உதவாது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் எல்லாம் இன்றும் தருமபுரிதான். ஒரு நூலின் பெயருக்குள் 'தருமபுரி' என்று வந்தால் அதைத் தொடவே கூடாது. ஒவ்வொரு குறிப்பையும் படிக்க வேண்டும், ஊரைப் பார்க்க வேண்டும், மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும், அப்புறம் எழுத வேண்டும். படித்து முடிவெடுப்பதில் ஏஐ கெட்டி. எழுதுவதில்தான் கதையே இருக்கிறது.

போனில் இருக்கும் மாமா

நம் பக்கத்தில் பல வீடுகளில் யாராவது ஒருவர் பெங்களூரில் வேலையில் இருப்பார். அப்படி ஒரு மாமாவுக்கு, பாலக்கோட்டில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் பீரோவிலிருந்து ஒரு பத்திரம் அவசரமாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா மகனைச் சாவியோடு அனுப்பிவிட்டு போனில் பேசுகிறார்.

"மூணாவது தட்டுல ஒரு பச்சை ஃபைல் இருக்கும் பாரு, அதுல ரெண்டாவது பேப்பரை எடு."

"மாமா, மேல இருந்து மூணாவதா, கீழ இருந்து மூணாவதா?"

மாமாவுக்குப் பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் அத்துப்படி. எந்தப் பத்திரம், எதற்கு என்று தெளிவாகத் தெரியும். ஆனால் பீரோ அவர் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது. பையன் படித்துச் சொல்வதுதான் அவருக்குக் கண், பையனுடைய கைதான் அவருக்குக் கை. பையன் கேள்வி கேட்காமல் கீழிருந்து எண்ணி ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு "எடுத்துட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டால், மாமா நம்பி அடுத்த வேலையைச் சொல்லிவிடுவார். தப்பு நடந்ததே அவருக்குத் தெரிய வராது.

ஏஐ அந்த மாமாவின் இடத்தில் இருக்கிறது. பையனின் இடத்தில் இருப்பது டூல். 'தட்டு என்றால் மேலிருந்து எண்ணு' என்று இரண்டு பேரும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்கிறார்களே, அதுதான் டூலின் விளக்கம்.

மாதிரி, ஏஜென்ட், டூல்

மூன்று சொற்களை இங்கே பிரித்து வைத்துக்கொண்டால் மற்றது எளிது. மொழி மாதிரி என்பது, கொடுத்த எழுத்தைப் படித்து அடுத்து வர வேண்டிய எழுத்தை உருவாக்கும் நிரல். எழுத்து உள்ளே போகும், எழுத்து வெளியே வரும், அவ்வளவுதான். ஒரு ஃபைலைத் திறக்கவோ சேமிக்கவோ அதனால் தனியாக முடியாது. டூல் என்பது ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்யும் சாதாரண நிரல்: குறிப்பைப் படி, குறிப்பை மாற்று, குறிப்பை நீக்கு. அதற்கு யோசிக்கத் தெரியாது. இந்த இரண்டையும் சேர்த்து, மாதிரி கேட்பதை டூலிடம் கொண்டுபோய், டூல் சொல்வதை மாதிரியிடம் கொண்டுவந்து, வேலை முடியும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும் ஏற்பாட்டுக்குத்தான் ஏஜென்ட் என்று பெயர்.

இந்தப் பேச்சுவார்த்தைக்கு ஒரு பொது வடிவமும் உண்டு. சொட்டுநீர்ப் பாசனத்துக்குக் குழாய் வாங்கும்போது எந்தக் கம்பெனி வால்வாக இருந்தாலும் அளவும் மரையும் ஒத்திருந்தால் மாட்டிவிடலாம், இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு இணைப்பானைத் தேடி அலைய வேண்டும். ஏஐ மாதிரிகளையும் டூல்களையும் இணைப்பதிலும் அப்படித்தான் ஆளுக்கொரு மரையாக இருந்தது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் எம்சிபி என்ற பொது நெறிமுறையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அதன்படி ஒரு டூல் தன்னைப் பற்றி மூன்று விஷயங்களைச் சொல்லும்: தன் பெயர், தான் என்ன செய்வேன் என்ற விளக்கம், தனக்கு என்னென்ன தகவல் எந்த வடிவத்தில் வேண்டும் என்ற பட்டியல். டூலைப் பற்றி மாதிரி தெரிந்துகொள்வதற்கு இவைதான் வழி. நிரலை அது படிப்பதில்லை. நண்பர் இரவு பகலாக எவ்வளவு அழகாக நிரல் எழுதியிருந்தாலும் மாதிரியின் கண்ணில் படுவது நான் எழுதிய நாலு வரிதான் என்று புரிந்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஒரு சுற்று

நாம் ஏஜென்டிடம் "14-ஆம் அடிக்குறிப்பில் இன்றைய மாவட்டத்தைச் சேர்" என்று சொல்கிறோம். அந்த வாக்கியத்தோடு டூல்களின் பெயர், விளக்கம், பட்டியல் எல்லாமும் சேர்ந்து மாதிரிக்குப் போகிறது. மாதிரி முதலில் குறிப்பைப் பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்து ஒரு சீட்டு எழுதுகிறது: டூல் 'குறிப்பைப்_படி', எண் 14. (உண்மையில் அது ஜேசன் என்ற வடிவத்தில் இருக்கும். பெயரும் மதிப்பும் ஜோடி ஜோடியாக வரும் ஒரு எழுத்து முறை, அவ்வளவு தெரிந்தால் போதும்.) ஏஜென்ட் அந்தச் சீட்டை எடுத்து டூலை இயக்குகிறது. டூல் ஃபைலைத் திறந்து, குறிப்பின் வாசகத்தை எடுத்துத் தருகிறது. அந்த வாசகம் மறுபடி மாதிரிக்குப் போகிறது. அதில் 'தேன்கனிக்கோட்டை, தருமபுரி மாவட்டம்' என்று இருப்பதைப் பார்த்து மாதிரி இரண்டாவது சீட்டை எழுதுகிறது. டூல் எழுதி முடித்து 'ஆயிற்று' என்கிறது. மாதிரி நம்மிடம் "14-ஆம் குறிப்பைத் திருத்திவிட்டேன்" என்கிறது.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். திருத்தியதை மாதிரி பார்க்கவில்லை. டூல் சொன்னதை நம்பிச் சொல்கிறது, அந்த மாமாவைப் போலவே.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: முடிவெடுப்பது மாதிரி, கை வைப்பது டூல், நடுவில் ஓடுவது ஏஜென்ட். மாதிரிக்கு டூலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் விளக்கத்தில் இருப்பதும், டூல் திருப்பிச் சொல்லும் பதிலில் இருப்பதும் மட்டுமே.

ஒரு எண் தள்ளிப் போன கதை

நான் முதலில் எழுதிய விளக்கம் ஒரே வரி: 'கொடுத்த எண்ணுள்ள குறிப்பை மாற்றும்.' தமிழில் குறை ஒன்றும் இல்லை. ஓடவிட்டோம், ஏஜென்ட் வரிசையாக வேலை செய்தது, ஒவ்வொன்றுக்கும் 'ஆயிற்று' வந்தது. பிற்பாடு ஃபைலைத் திறந்து பார்த்தால் ஊத்தங்கரைக் கல்லுக்குச் சேர்க்க வேண்டியது அதற்கு முந்தைய குறிப்பில், அரூர்க் கல்லின் கீழே உட்கார்ந்திருக்கிறது. எல்லாமே ஒரு எண் தள்ளி.

காரணம் புரிய வேர்ட் ஃபைலின் வயிற்றுக்குள் போக வேண்டும். 'டாக்ஸ்' (.docx) என்று முடியும் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதைப் பிரித்தால் உள்ளே பல சின்ன ஃபைல்கள் கிடக்கும். அவை எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் இருக்கும், அதாவது ஒவ்வொரு துண்டு எழுத்துக்கும் 'இது பத்தி', 'இது குறிப்பு' என்று பெயர்ச்சீட்டு ஒட்டி வைக்கும் முறை. கட்டுரையின் உடல் ஒரு ஃபைலில் இருக்கும். அடிக்குறிப்புகளின் வாசகமெல்லாம் வேறொரு ஃபைலில் இருக்கும். உடலில் குறிப்பு வரும் இடத்தில் 'அந்தப் பக்கத்தில் இந்த அடையாள எண்ணைப் பார்' என்று ஒரு சுட்டி மட்டும் இருக்கும்.

நாம் பக்கத்தில் பார்க்கும் 1, 2, 3 என்ற எண்கள் ஃபைலில் எழுதப்பட்டிருப்பதே இல்லை. திறக்கும்போது வேர்ட் மேலிருந்து எண்ணிப் போட்டுக் காட்டுகிறது. அதனால்தான் நடுவில் ஒரு குறிப்பைச் சேர்த்தால் மற்றதெல்லாம் தானாக நகர்கின்றன. உள்ளே இருக்கும் அடையாள எண் வேறு. அதிலும், அடிக்குறிப்புக்கு மேலே ஒரு சின்னக் கோடு தெரிகிறதல்லவா, அந்தக் கோட்டுக்கும், குறிப்பு அடுத்த பக்கத்துக்கு நீண்டால் வரும் கோட்டுக்கும்கூட அடையாள எண் உண்டு. எங்கள் ஃபைலில் அந்த இரண்டும் 0, 1 என்ற எண்களை எடுத்துக்கொண்டிருந்தன. ஆகவே கண்ணுக்குத் தெரியும் முதல் குறிப்பு உள்ளே 2, பதினான்காவது குறிப்பு உள்ளே 15. மாதிரி 'எண்' என்றால் பக்கத்தில் தெரியும் எண் என்று எடுத்துக்கொண்டது. டூல் 'எண்' என்றால் அடையாள எண் என்று எடுத்துக்கொண்டது. இரண்டும் தம் தம் வழியில் சரியாகவே செய்தன, என் வரியில் இருந்த 'எண்' என்ற சொல் இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டது.

நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், விளக்கத்தை மட்டும் 'பக்கத்தில் தெரியும் எண்ணைத் தராதீர்கள். முதலில் குறிப்புப்_பட்டியல் டூலை அழைத்து, அதில் வரும் அடையாள எண்ணைத் தாருங்கள்' என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. பின்னர் நண்பர் நிரலிலும் ஒன்று சேர்த்தார், வெறும் 'ஆயிற்று' என்று சொல்லாமல் பழைய வாசகம், புதிய வாசகம், அந்தக் குறிப்பு வரும் வாக்கியம் மூன்றையும் டூல் திருப்பித் தரும். இப்போது தவறான குறிப்பைத் தொட்டால் மாதிரியே பதிலைப் படித்து "இது அரூர்க் கல், தவறாகப் போய்விட்டது" என்று சொல்லித் திருத்திக்கொள்கிறது.

'குறிப்பு' என்றால் எது?

தமிழில் இந்தச் சொல் ரொம்பத் தாராளமானது. பக்கத்தின் அடியில் வருவது குறிப்பு, கட்டுரையின் கடைசியில் மொத்தமாக வருவதும் குறிப்பு, மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் 'இந்த ஆண்டைச் சரிபார்க்கவும்' என்று போடும் கருத்தும் குறிப்பு. வேர்டுக்கு இவை மூன்றும் மூன்று தனித்தனி ஃபைல். ஓரக் கருத்துக்கு இன்னும் ஒரு சங்கதி உண்டு, அது ஒரு புள்ளியில் ஒட்டிக்கொண்டிருக்காது, இந்தச் சொல்லில் தொடங்கி அந்தச் சொல் வரை என்று ஒரு நீளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"குறிப்புகளை எல்லாம் நீக்கிவிடு" என்று ஒருவர் சொன்னால் அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் ஓரக் கருத்துகள், அச்சுக்குப் போகும் முன் அவற்றைத்தான் எடுப்போம். அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மாதிரி அடிக்குறிப்புகளை நீக்கினால் முந்நூறு சான்றுகளும் போய்விடும். அதனால் எங்கள் விளக்கத்தில் 'குறிப்பு' என்ற தனிச்சொல்லே வராது. அடிக்குறிப்பு, இறுதிக்குறிப்பு, ஓரக்கருத்து என்று மூன்று சொற்கள், ஒவ்வொன்றும் ஒரே பொருளில், தொடக்கம் முதல் கடைசி வரை. டூலின் பெயர்களையும் அப்படியே மாற்றினோம். பேச்சில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சலிப்பாக இருக்கும் என்று நாம் மாற்றி மாற்றி எழுதுவோம், பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். டூல் விளக்கத்தில் அந்தப் பழக்கம் ஆபத்து.

நீக்குவதைப் பற்றி இன்னொன்று. அடிக்குறிப்பை நீக்க வேண்டுமென்றால் வாசகத்தையும் உடலில் இருக்கும் சுட்டியையும் சேர்த்தே எடுக்க வேண்டும். வாசகத்தை மட்டும் எடுத்தால், இல்லாத வீட்டுக்குச் சுட்டி வழிகாட்டிக்கொண்டு நிற்கும், வேர்ட் ஃபைல் பழுதாகிவிட்டது என்று சொல்லக்கூடும். அதை டூல் பார்த்துக்கொள்கிறது என்பதையும் விளக்கத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டபோது மாதிரி 'பத்திரமாக இருக்கட்டும்' என்பது போல உடலில் இருந்த எண்ணையும் தானே அழிக்க முயன்றது.

மாற்றுவதும் சேர்ப்பதும் வேறு

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. அப்போது எங்கள் கட்டுரையில் அதை ஓர் அடிக்குறிப்பாக, 'இந்தியாவில் இதுவரை அறியப்பட்டவற்றில் பழமையானது' என்று எழுதிவைத்தோம். 2025 ஜனவரியில் வெளியான அரசு அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலம் கி.மு. 3345 வரை போகிறது. பழைய குறிப்பு எழுதிய அன்று சரி, இன்று அது போதாது. வரலாற்றுக் கட்டுரையில் இப்படி வந்தால் பழையதை அழிக்க மாட்டோம், கீழே புதியதைத் தேதியோடு சேர்ப்போம்.

எங்களிடம் முதலில் 'மாற்று' என்ற ஒரே டூல்தான் இருந்தது. ஒரு வரி சேர்ப்பதற்குக்கூட மாதிரி முழுக் குறிப்பையும் மறுபடி எழுதித் தர வேண்டும். இதுதான் நான் மிகவும் கவலைப்பட்ட இடம். மாதிரி முழுதாகத் திரும்ப எழுதும்போது கையால் படியெடுப்பவரைப் போல நடந்துகொள்கிறது, பழைய எழுத்தைத் 'திருத்தி' விடுகிறது. நடுகல் வாசகத்தில் 'கோவிசைய' என்று இருப்பதை 'கோ விஜய' என்று ஆக்கிவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் கல்லில் இருந்தது போய்விட்டது, அதற்கப்புறம் அந்தக் குறிப்பால் யாருக்குப் பயன்? கல்லைக் கண்ணால் பார்க்க முடியாதவருக்குக் குறிப்புதான் கல்.

அதனால் 'அடிக்குறிப்பில்_சேர்' என்று தனி டூல் வந்தது. இருப்பதைத் தொடாது, கடைசியில் மட்டும் எழுதும். 'மாற்று' டூலின் விளக்கத்தில், 'ஏற்கெனவே உள்ள வாசகம் முழுவதும் போய்விடும். ஒரு பகுதியைச் சேர்க்க மட்டும் வேண்டுமென்றால் அடிக்குறிப்பில்_சேர் டூலைப் பயன்படுத்துங்கள்' என்று எழுதினோம். எப்போது பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு, எப்போது பயன்படுத்தலாம் என்று சொல்லும் பத்து வாக்கியங்களைவிடப் பலன் இருந்தது.

சேர்ப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. இணைப்பு நடுவில் துண்டித்து டூலின் பதில் வந்து சேராவிட்டால், வேலை நடக்கவில்லை என்று நினைத்து ஏஜென்ட் மறுபடி அழைக்கும். 'மாற்று' என்றால் இரண்டாம் முறையும் அதே வாசகம்தான், கெடுதல் இல்லை. 'சேர்' என்றால் ஒரே வரி இரண்டு முறை விழும். எம்சிபியில் ஒரு டூல் படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா, திரும்ப அழைத்தாலும் விளைவு அதேதானா என்று அடையாளக் குறி போட வழி இருக்கிறது. போட்டோம். அதோடு 'பதில் வராவிட்டால் முதலில் படித்துப் பாருங்கள்' என்று ஒரு வரியும்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

இது தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 'கொடை' என்ற சொல்லில் 'கொ' இருக்கிறதே, அதை யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் பொது முறையில், இரண்டு விதமாக எழுதலாம். ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரண்டு குறியீடாகப் போடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒரு முறையில் எழுதிய 'கொடை'யை இன்னொரு முறையில் தேடினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டூலுக்கு அது கிடைக்காது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலைக்கு இயல்பாக்கம் என்று பெயர், அதைச் செய்துவிட்டுத் தேட வேண்டும்.

ஆனால் அதுவும் எல்லாவற்றையும் சரிசெய்யாது. தகடூர் அதியமானைப் பற்றி எழுதினால் ஔவையார் வராமல் இருக்க மாட்டார். 'ஔ' என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டுத் தட்டச்சு செய்கிறவர்கள் நிறைய. கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், கணினிக்கு அது வேறு சொல், இயல்பாக்கம் அதைத் தொடாது. எங்கள் ஃபைலில் இரண்டும் கலந்து இருந்தன, ஏஜென்ட் ஒரு வடிவத்தைத் தேடிவிட்டு "ஔவையார் பற்றி நான்கு குறிப்புகளே உள்ளன" என்று உறுதியாகச் சொன்னது. விளக்கத்தில் இப்போது இது ஒரு எடுத்துக்காட்டோடு இருக்கிறது: முதல் வகையை டூலே சமாளிக்கும், இரண்டாம் வகைக்கு இரண்டு வடிவத்தையும் தேடுங்கள்.

இன்னொரு காரணத்தாலும் தேடல் தோற்கும். ஒரு சொல்லின் பாதியைத் தடித்த எழுத்தாக்கினாலோ, நடுவில் திருத்தம் செய்தாலோ, வேர்ட் அந்தச் சொல்லை உள்ளே இரண்டு மூன்று துண்டாக வைத்திருக்கும். அதை நிரல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், விளக்கத்துக்கு அதில் வேலை இல்லை.

பிழைச் செய்தியும் விளக்கம்தான்

டூல் 'பிழை' என்று மட்டும் சொன்னால் மாதிரி அதே சீட்டை மறுபடி எழுதும், அல்லது ஊகித்து வேறொன்றை எழுதும். 'அடையாள எண் 412 இல்லை. இந்த ஆவணத்தில் 2 முதல் 318 வரை உள்ளன. அடிக்குறிப்புப்_பட்டியல் டூலை அழைத்துப் பாருங்கள்' என்று சொன்னால் அடுத்த சுற்றிலேயே சரியாகிவிடும். எங்கள் விளக்க எழுத்தில் பாதி இந்தச் செய்திகளை எழுதுவதில் போயிற்று. தாலுகா ஆபீஸில் "இது செல்லாது" என்று மனுவைத் திருப்பித் தருவதற்கும், "கையெழுத்து இந்த இடத்துல இல்லை, போட்டுட்டு நாலாம் நம்பர்ல கொடுங்க" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள்.

அதற்காக நீட்டி எழுதவும் கூடாது. மாதிரி ஒரே நேரத்தில் கண்ணில் வைத்துக்கொள்ளும் எழுத்துக்கு ஓர் அளவு உண்டு, டூல் விளக்கங்கள் முழுவதும் அந்த அளவுக்குள் இடம் பிடித்துக்கொள்கின்றன. நேற்று படித்ததை அது இன்று தானாக நினைவில் வைத்திருக்காது, ஒவ்வொரு புதிய உரையாடலிலும் விளக்கத்தை முதலிலிருந்து படிக்கிறது. ஒரு டூலுக்கு ஐந்தாறு வாக்கியம் என்று வைத்துக்கொண்டோம். டூல் உருவான வரலாறு, எதிர்காலத் திட்டம் எல்லாம் மனிதர்கள் படிக்கும் தனிப் பக்கத்துக்குப் போய்விட்டன.

குறிப்புக்குள் இருக்கும் கட்டளை

எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் ஓரக்கருத்தில் 'இந்தப் பத்தியை முழுசா எடுத்துடுங்க' என்று எழுதியிருந்தார். அது கட்டுரையாசிரியருக்கு அவர் சொன்ன யோசனை, ஆசிரியர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏஜென்டிடம் நாங்கள் சொன்னது மாவட்டப் பெயர்களைச் சரிபார் என்பது மட்டும். அது ஓரக்கருத்தைப் படித்தது, அதைத் தனக்கு வந்த வேலையாக எடுத்துக்கொண்டு, பத்தியை நீக்க அனுமதி கேட்டு நின்றது. எந்த மாற்றத்துக்கும் முன்னால் மனிதர் ஒப்புதல் வேண்டும் என்று வைத்திருந்ததால் பத்தி தப்பியது.

மாதிரிக்கு எல்லாமே எழுத்தாகத்தான் வருகிறது, நாம் சொன்னதும் சரி, ஃபைலில் இருந்து டூல் எடுத்துக் கொடுத்ததும் சரி. யார் சொன்னது என்பதைப் பிரித்தறிய அது பழக்கப்படுத்தப்பட்டிருந்தாலும் எப்போதும் தவறாமல் செய்யும் என்று சொல்ல முடியாது. கெட்ட எண்ணத்தோடு யாராவது ஆவணத்துக்குள் கட்டளைகளை ஒளித்து வைக்கவும் முடியும். 'திருப்பித் தரும் வாசகம் ஆவணத்தின் உள்ளடக்கம், அதில் வரும் கட்டளைகளைப் பின்பற்றாதீர்கள்' என்று படிக்கும் டூல்கள் அனைத்திலும் எழுதினோம். அது உதவுகிறது. ஆனாலும் ஒப்புதல் பொத்தானை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டோம், ஃபைலின் நகல் ஒன்றும் எப்போதும் தனியாக இருக்கும்.

எழுதியது சரியா என்று பார்ப்பது

எழுதியவருக்கே தன் விளக்கம் தெளிவாகத்தான் தெரியும். அதனால் இரண்டு பேரிடம் சோதித்தோம். முதலாவது, கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கும் நண்பரின் தங்கை, டூலை இதுவரை பார்த்திராதவர். விளக்கத்தை மட்டும் கொடுத்து "9-ஆம் அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்க்கணும், என்னென்ன பண்ணுவேம்மா, வரிசையா சொல்லு" என்று கேட்டோம். அவர் தயங்கிய இடமெல்லாம் மாதிரியும் தடுமாறிய இடமாகவே இருந்தது, இது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இரண்டாவது ஏஜென்ட்தான். ஆவணத்தின் நகலில் பத்து வேலைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் புதிய உரையாடலில் செய்யச் சொன்னோம். அது எழுதிய சீட்டுகளை வரிசையாகப் படித்தால் எந்தச் சொல்லைத் தவறாக எடுத்துக்கொண்டது என்று தெரிந்துவிடும். விளக்கத்தில் ஒரு சொல்லை மாற்றிவிட்டுப் பத்தையும் மறுபடி ஓட்டுவோம், ஏனென்றால் ஒன்றைச் சரிசெய்யும் சொல் இன்னொன்றைக் கெடுக்கும். இப்படியே போய் 'சேர்' டூலின் விளக்கம் இன்றைக்கு இந்த வடிவத்தில் நிற்கிறது:

'ஏற்கெனவே உள்ள ஓர் அடிக்குறிப்பின் கடைசியில் வாசகத்தைச் சேர்க்கும். இருக்கும் வாசகத்தைத் தொடாது. இறுதிக்குறிப்புக்கும் ஓரக்கருத்துக்கும் இது பயன்படாது. அடிக்குறிப்புப்_பட்டியல் தரும் அடையாள எண்ணைக் கொடுங்கள், பக்கத்தில் தெரியும் எண்ணை அல்ல. இரண்டு முறை அழைத்தால் இரண்டு முறை சேரும். பதில் வராவிட்டால் முதலில் படித்துப் பாருங்கள்.'

அட்டவணைக் கட்டங்களுக்குள் வரும் அடிக்குறிப்புகளை அடிக்குறிப்புப்_பட்டியல் எந்த வரிசையில் காட்ட வேண்டும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகவா, கட்டம் கட்டமாக மேலிருந்து கீழாகவா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசப் போகிறோம்.